நாலாவது பெட்டி

துறைமுகத்தில் அவரை எல்லோரும் ஐஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். யாருக்கும் ஐஸ் வைக்கத் தெரியாத மனுஷனுக்கு இப்படி ஒரு பெயரா என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் சிரிப்பார்கள். அது அவர் பார்த்த வேலையால் ஒட்டிக்கொண்ட பெயர். ஏற்றுமதிக்காக வந்து கப்பலுக்குக் காத்திருக்கும் குளிர்பெட்டிகளுக்கு அவர்தான் மெக்கானிக். ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும் நீளமான இரும்புப் பெட்டி. ஒரு முனையில் கதவு, மறுமுனையில் குளிரூட்டும் இயந்திரம். மீன், பழம், மருந்து என்று கெட்டுப்போகக் கூடிய எதுவானாலும் அதில் ஏறித்தான் கடல் தாண்டும். பெட்டி லாரியிலிருந்து இறங்கியதும், பெட்டிகளை அடுக்கிவைக்கும் யார்டில் அதன் கேபிளை மின் இணைப்பில் சொருக வேண்டும். கப்பலில் ஏறுகிற நேரத்தில் பிடுங்க வேண்டும். இடையில் எந்தப் பெட்டிக்காவது காய்ச்சல் கண்டால் ஓடிப்போய்ப் பார்க்க வேண்டும். உள்ளே சூடு ஏறுவதை அவர் காய்ச்சல் என்றுதான் சொல்வார்.

துறைமுகத்துக்கு வருவதற்கு முன் ஃப்ரிட்ஜ் ரிப்பேர் கடையில் இருந்தார். அப்போது ஒருநாள் இறால் ஃபேக்டரி ஒன்றில் குளிர் அறை மக்கர் பண்ணுகிறது என்று அனுப்பிவைத்தார்கள். பையைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று உள்ளே போனவரை, தலைக்கு வலைத்தொப்பி போட்ட ஒரு பெண் வாசலிலேயே மறித்தாள்.

"செருப்பைக் கழட்டுங்க. இது உங்க மாமியார் வீடு இல்ல."

"மாமியார் வீடு இன்னும் பார்க்கலைங்க" என்றார் இவர், வெள்ளந்தியாக.

அன்று சிரிக்காமல் முறைத்துவிட்டுப் போனவளைத்தான் அடுத்த வருஷம் கல்யாணம் செய்துகொண்டார். அவள் அதே ஃபேக்டரியில் இறால் உரிக்கும் பகுதிக்கு சூப்பர்வைசராக உயர்ந்தாள். வீட்டில் பேச்சு அவளுடையது, கேட்பது இவருடையது. அப்படியே நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

இந்தச் சம்பவம் நடந்தபோது அந்த ஃபேக்டரிக்கு நேரம் சரியில்லை. அதற்கு முன் அனுப்பிய சரக்கு, வழியில் சூடு ஏறிவிட்டது என்று அப்படியே திரும்பி வந்திருந்தது. இந்தத் தடவையும் திரும்பினால் ஃபேக்டரியைப் பூட்டிவிட்டுப் போக வேண்டியதுதான் என்று முதலாளி எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். அவர் சும்மா மிரட்டுகிற ஆள் இல்லை என்பது உரிக்கும் மேஜையில் நின்ற அத்தனை பெண்களுக்கும் தெரியும். பாதிப் பேருக்கு வீட்டில் அந்த ஒரு சம்பளம்தான்.

அன்று காலை கிளம்பும்போது அவள் சொன்னாள். "என் பெட்டி இன்னிக்கு உங்க யார்டுக்கு வருது. கண்ணும் கருத்துமா பார்த்துக்கோங்க."

"உன் பெட்டியா?"

"பின்ன? உள்ள இருக்கிற ஒவ்வொரு இறாலும் என் கண்ணைத் தாண்டித்தான் போயிருக்கு."

பெட்டி முற்பகலில் வந்து சேர்ந்தது. உள்ளே எவ்வளவு குளிர் என்று காட்டும் திரையைப் பார்த்ததுமே ஐஸுக்கு முகம் சுருங்கிவிட்டது. மைனஸ் பதினெட்டில் இருக்க வேண்டியது மைனஸ் பதினாறு காட்டியது. வழியில் லாரியின் ஜெனரேட்டர் விட்டு விட்டு ஓடியிருக்கிறது. பரவாயில்லை, சாயங்காலத்துக்குள் இறங்கிவிடும் என்று கேபிளைச் சொருகினார். இயந்திரம் ஒரு செருமல் செருமிவிட்டு ஓட ஆரம்பித்தது.

கொஞ்ச நேரம்தான் ஓடியது. நல்ல உச்சி வெயிலில் யார்டின் கோடியிலிருந்து டமார் என்று ஒரு சத்தம். துணை மின்நிலையத்துப் பக்கம் கருப்பாகப் புகை எழுந்தது. அடுத்த நொடி, இரவும் பகலும் இரைந்துகொண்டே இருக்கும் அத்தனை இயந்திரங்களும் ஒன்றாக நின்றன. இத்தனை வருஷத்தில் யார்டில் அப்படி ஓர் அமைதியை அவர் கேட்டதில்லை. தூரத்தில் காக்கை கத்துவது கேட்டது. 

யார்டுக்குப் பொறுப்பான இன்ஜினியர் ஒரு பெண். வயது குறைவு, ஆனால் பதறாத ஆள். ஓட்டமும் நடையுமாக வந்தார்.

"டிரான்ஸ்ஃபார்மர் போச்சுண்ணே. ஆளுங்களுக்கு ஒண்ணும் இல்ல. சரி பண்ண சாயங்காலம் ஆகும்ங்கிறாங்க, இன்னும் நேரமானாலும் ஆகலாம். நம்ம ஜெனரேட்டர் மூணுல ஒரு பங்குக்குத்தான் தாங்கும்."

"எதுக்குக் குடுக்கிறது, மேடம்?"

"மருந்து, பழம், பூ. அதெல்லாம் ரெண்டு மணி நேரம் கூடத் தாங்காது. உறைஞ்ச சரக்கு கொஞ்சம் தாக்குப் பிடிக்கும். அது காத்திருக்கட்டும்."

சரியான முடிவுதான். அவராக இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார். ஆனால் உறைந்த சரக்கு என்றால் அதில் இறாலும் உண்டு. தலையாட்டிவிட்டு ஆட்களோடு கேபிள்களை மாற்றப் போனார். வெயில் இரும்பில் பட்டுத் தகித்தது. வெறுங்கையை வைத்தால் தோல் உரிந்துவிடும்.

பாதி வேலையில் போன் அடித்தது. மனைவி.

"ஏங்க, உங்க யார்டுல கரண்ட் போச்சாமே?"

"ஆமா."

"நம்ம பெட்டி?"

"நிக்குது. பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

அடுத்த அழைப்பு முதலாளியின் எண்ணிலிருந்து வந்தது. பேசியது அவள்தான். குரல் மட்டும் வேறு யாருடையதோ போல இருந்தது. "வணக்கம். எங்க கம்பெனி பெட்டி சம்பந்தமா பேசறேன். அதுக்கு மின் இணைப்பு கிடைக்க ஏதாவது ஏற்பாடு பண்ண முடியுமா?" கட்டின புருஷனிடம் வணக்கம் சொல்கிறாள் என்றால் பக்கத்தில் முதலாளி நிற்கிறார், சுற்றிலும் பெண்கள் நிற்கிறார்கள், ஸ்பீக்கர் போட்டிருக்கிறார்கள். அவருக்குப் புரிந்தது.

"வரிசைப்படிதாங்க செய்ய முடியும்" என்றார்.  மறுமுனையில் யாரோ பெருமூச்சு விட்டது கேட்டது.

ஏற்றுமதிப் பெட்டியை இறக்கிவிட்டுத் திரும்பும் டிரெய்லர்கள் சிலவற்றில் சொந்த ஜெனரேட்டர் மாட்டியிருக்கும். அது இன்ஜினியருக்குத்தான் தோன்றியது. வாயிலுக்கு ஆளனுப்பி, வெளியே போகவிருந்த மூன்று வண்டிகளைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார்.

"மூணு வண்டி, மூணு பெட்டி. எதுல சூடு அதிகமா ஏறியிருக்கோ அதுக்கு முதல்ல. நீங்களே பார்த்துச் சொருகிடுங்கண்ணே. நான் டிரான்ஸ்ஃபார்மர் கிட்ட இருக்கணும்." சொல்லிவிட்டுப் போய்விட்டார். கூட நின்று மேற்பார்க்க யாரும் இல்லை.

உறைந்த சரக்குப் பெட்டிகளை ஒரு சுற்று பார்த்துக்கொண்டு வந்தார். மின்சாரம் இல்லாவிட்டாலும் பாட்டரியில் சின்னத் திரை எரியும். சூடு ஏறி மைனஸ் பன்னிரண்டைத் தாண்டினால் வாங்குகிறவன் தொடமாட்டான், அதுதான் ஒப்பந்தம். பெரும்பாலானவை இன்னும் மைனஸ் பதினாறு, பதினேழில் இருந்தன. நான்கு மட்டும் மோசம். மீன் பெட்டிகள் இரண்டு பதின்மூன்றை நெருங்கிவிட்டன. மூன்றாவது, உறைய வைத்த காய்கறி அனுப்பும் ஏதோ உள்ளூர்க் கம்பெனியுடையது, கதவு ரப்பர் பழசு. பதின்மூன்றரை. நாலாவது அவளுடைய பெட்டி. பதினாலு.

முதல் இரண்டையும் மாட்டியாயிற்று. மூன்றாவது வண்டியின் டிரைவர் வாய் ஓயாதவர். "அண்ணே, சீக்கிரம் சொல்லுங்க, எந்தப் பொண்ணுக்கு மாலை போடணும்?" என்று கேபிளின் முனையை நீட்டினார். ஐஸ் அதை வாங்கினார். இரண்டு பெட்டிகளும் எதிரெதிரே. இந்தப் பக்கம் காய்கறி, அந்தப் பக்கம் இறால். கேபிள் இரண்டுக்குமே எட்டும்.

அப்போது மறுபடி போன். இந்தத் தடவை அவளுடைய சொந்த எண். குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"பாத்ரூம்ல இருந்து பேசறேன். நிஜத்தைச் சொல்லுங்க. எப்படி இருக்கு?"

"நாலாவதா இருக்கு."

"ஜெனரேட்டர் எத்தனை?"

"மூணு."



"மூணாவது யாருது?"

"ஏதோ காய்கறிக் கம்பெனி. ஆள் தெரியாது."

"முகம் தெரியாதவனுக்காக எங்க எல்லாரையும் தெருவுல நிறுத்தப் போறீங்களா? இங்க ஒருத்தி உட்கார்ந்து அழுதுக்கிட்டிருக்கா. என்னை எப்படிப் பார்க்கிறாங்க தெரியுமா? எனக்கு நியாயம் எல்லாம் சொல்லாதீங்க. சொருகுங்க."

 பதிலுக்குக் காத்திருக்காமல் வைத்துவிட்டாள்.

டிரைவர் இவர் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேச்சை நிறுத்தினார். ஐஸ் இந்தப் பக்கம் திரும்பி காய்கறிப் பெட்டியில் கேபிளைச் சொருகினார்.  பெரிய மனசு என்றெல்லாம் இல்லை. "யோசிச்சிருந்தா கை அந்தப் பக்கம் போயிருக்கும், அதனால யோசிக்கல" என்றுதான் பின்னால் ஒருமுறை சொன்னார்.

அதன் பிறகு அந்த நாலாவது பெட்டியை விட்டு அவர் நகரவில்லை. கூரைமேல் நேரடியாக வெயில் அடித்தது. ஆட்களை வைத்துத் தார்ப்பாயை நனைத்து மேலே விரித்தார். விரித்த கையோடு ஆவி பறந்து காய்ந்தது. திரும்பி வந்த இன்ஜினியர் அண்ணாந்து பார்த்தார்.

"தார்ப்பாய் எல்லாம் பத்தாதுண்ணே. காலிப் பெட்டி ஒண்ணைத் தூக்கி இதும்மேல வைக்கச் சொல்றேன். நிழலாவது விழும்." பிறகு பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த கம்பெனிப் பெயரைப் படித்தார். "இது அக்கா வேலை பார்க்கிற கம்பெனி இல்ல?"

"ஆமா, மேடம்."

இன்ஜினியர் காய்கறிப் பெட்டியைப் பார்த்தார், இவரைப் பார்த்தார். வாக்கி-டாக்கியில் கிரேன் டிரைவரைக் கூப்பிட்டார்.

நிழல் விழுந்த பிறகு சூடு ஏறும் வேகம் குறைந்தது. ஆனால் நிற்கவில்லை. பதின்மூன்று. கப்பல் ஏஜெண்ட் வந்து, இருட்டுவதற்குள் ஏற்ற வேண்டும், அலை பார்த்துத்தான் கப்பல் கிளம்பும் என்று சொல்லிவிட்டுப் போனார். பன்னிரண்டே முக்கால். ஐஸ் மனைவிக்குப் போன் செய்தார். எடுக்கவில்லை. மறுபடி செய்தார். எடுக்கவில்லை.  திரையைப் பார்க்கக் கூடாது என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார், அடுத்த நிமிஷமே பார்ப்பார். பன்னிரண்டரை.

பொழுது சாய்கிற நேரத்தில் மின்சாரம் வந்தது. யார்டு முழுக்க ஒரு கூச்சல் எழுந்தது. அவசரத்தில் ஆட்கள் ஆளாளுக்கு சுவிட்சைப் போட, இத்தனையும் ஒன்றாக இழுத்ததில் மறுபடி பொட்டென்று அணைந்தது.

"யாரும் தொடாதீங்க!" ஐஸ் கத்தினார். அவர் குரல் அவ்வளவு எழும்பும் என்பது அங்கே யாருக்கும் தெரியாது. "ஒண்ணொண்ணா. நான் சொல்ற வரிசையில!"

இன்ஜினியர் பிரேக்கரை ஏற்றிவிட்டு அவரைப் பார்த்துக் கை காட்டினார். இப்போது மின்சாரம் இல்லாத பெட்டிகளில் எல்லாவற்றையும்விட மோசம் அந்த இறால் பெட்டிதான். யாருடைய முகத்தையும் பார்க்க வேண்டிய அவசியம் இல்லாமல் அவர் முதல் சுவிட்சை அதற்குப் போட்டார். கம்ப்ரஸர் செருமியது. நின்றது.  மறுபடி செருமி, ஓடியது. திரையில் பன்னிரண்டைத் தொட மயிரிழையே பாக்கியிருந்த எண் அங்கேயே நின்று, நின்று, பிறகு மெல்லப் பதின்மூன்றை நோக்கித் திரும்பியது. அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பெட்டி அன்றே கப்பல் ஏறியது.

வீட்டுக்குப் போனபோது அவள் சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

"கையில கேபிள் இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"எதிர்ல என் பெட்டி இருந்துச்சா?"

"இருந்துச்சு. அது தாங்கிடும்னு..."

"தெரியுமா? இல்ல, சும்மா நம்பினீங்களா?"

பொய் சொல்லியிருக்கலாம். "நம்பினேன்" என்றார். அவள் குழாயை இன்னும் பெரிதாகத் திறந்துவிட்டாள்.

கப்பல் போய்ச் சேர்கிறவரை வீட்டில் பேச்சு, உப்பு வேண்டுமா, சாவி எங்கே என்ற அளவோடு நின்றுவிட்டது. ஃபேக்டரியில் நிலைமை இன்னும் மோசம். அவள் வந்து உட்கார்ந்தால் மற்றவர்கள் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு வேறு மேஜைக்குப் போனார்கள். புருஷன் துறைமுகத்தில் இருந்தும் உதவாதவள் என்று காதில் விழும்படி பேசினார்கள். அவள் அதை அவரிடம் சொல்லவில்லை. யார்டுக்கு வந்த ஃபேக்டரி லாரி டிரைவர் சொல்லித்தான் அவருக்குத் தெரிந்தது. அன்று அவர் சாப்பிடவில்லை.

கடைசியில் செய்தி வந்தது. வாங்குகிறவர்கள் சரக்கைச் சோதித்துப் பார்த்து, குறை ஒன்றும் இல்லை என்று எடுத்துக்கொண்டார்கள். முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. யார்டில் ஜெனரேட்டர் மாட்டியதாக அரைகுறையாகக் கேள்விப்பட்டதை வைத்து, எல்லோரையும் கூட்டிப் பேசினார். "நம்ம சூப்பர்வைசரம்மா வீட்டுக்காரர் அங்க இருந்ததாலதான் தப்பிச்சோம். நமக்காக ஜெனரேட்டர் புடிச்சுக் குடுத்திருக்காரு!" எல்லோரும் கை தட்டினார்கள். டப்பாவைத் தூக்கிக்கொண்டு போனவர்களும் தட்டினார்கள்.

அவள் பேசாமல் இருந்திருக்கலாம். எழுந்து நின்றாள்.

"குடுக்கல, சார். ஜெனரேட்டர் மூணுதான் இருந்துச்சு. எங்க வீட்டுக்காரர் நம்ம பெட்டியை நாலாவதா நிக்க வெச்சிட்டாரு. நான் கெஞ்சியும் குடுக்கல." குரல் உடைந்தது, ஆனால் நிறுத்தவில்லை. "நம்ம லாரி ஜெனரேட்டர் ஒழுங்கா ஓடியிருந்தா நாம அந்த வரிசையிலேயே நின்னிருக்க மாட்டோம். அதைப் பாருங்க முதல்ல."

கை தட்டல் நின்றுவிட்டது.  லாரிக்காரர் தலையைச் சொறிந்தார்.

அன்று மாலை அவள் வீட்டுக்கு வந்து, பையைக் கூட இறக்கி வைக்காமல், நடந்ததை ஒன்று விடாமல் அவரிடம் சொன்னாள். இத்தனை வாரத்துப் பேச்சையும் ஒரே மூச்சில் பேசினாள். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா என்ன பண்ணுவீங்க?"

"வரிசைதான்."

"தெரியும். அதனாலதான் இனிமே பெட்டியை மைனஸ் இருபத்தஞ்சுக்கு இறக்கித்தான் கேட்டை விட்டு அனுப்பணும்னு சொல்லிட்டு வந்திருக்கேன். வண்டி ஜெனரேட்டரை நான் பார்த்து ஓகே சொல்லணும். முதலாளி சரின்னுட்டாரு." பையிலிருந்து டப்பாவை எடுத்து மேஜைமேல் வைத்தாள். "அந்த லாரிக்காரனுக்கு நாளைக்கு இருக்கு."

"பாவம்" என்றார் ஐஸ்.

"யாரு பாவம்? போய்க் கை கழுவிட்டு வாங்க, சாப்பிடலாம்."