விஜயதசமி போணியில் போன நைட்ரஜன்

பேராசிரியர் நாகவல்லி, நைட்ரஜன் கடை வேல்பாண்டிக்கு இரண்டாயிரத்து நானூறு ரூபாய் கடன்பட்டிருந்தார். அதுவும் விஜயதசமியன்று, முதல் போணியில்.

வேல்பாண்டி கடையில் அதற்கு முன் அப்படி நடந்ததில்லை. மாடு மேய்த்துப் பிழைத்தவர், சிங்கம்புணரியில் சொந்தக் கட்டடம் எழுப்பியவர். மாட்டுக்குச் சினை ஊசி போடுகிறவர்கள் எல்லோரும் திரவ நைட்ரஜனுக்கு அவர் வாசலுக்குத்தான் வரவேண்டும். மூன்றாம் வகுப்போடு நின்றவர்களில் இவ்வளவு செய்தவர் இந்தச் சீமையில் வேறு யார்? போணி கடனானால் வருஷமே கடன் என்பது அவர் சட்டம். போனில் வரும் காசைக் காசாகவே மதிக்கமாட்டார்.

காரைக்குடியிலிருந்து காரில் வந்து இறங்கிய நாகவல்லியின் கையில் போன் மட்டும்தான் இருந்தது.

“மாடு வச்சிருக்கீகளா?”

“புற்றுநோய் செல்லு வச்சிருக்கேங்கய்யா.”

“ஊரே அதைக் கொல்லணும்ங்குது. நீங்க காப்பாத்த அலையிறீக.”

“எந்த மருந்துக்குச் சாகும்னு பாக்கணும்னா, முதல்ல அது உயிரோட இருக்கணுமே.”

நாகவல்லி வலையபட்டி விவசாயி மகள். பல்கலைக்கழகத்தில் செல் உயிரியல் நடத்துகிறார். தீபாவளியன்றும் செல்களுக்குத் தீனி வைத்துவிட்டுத்தான் வீட்டில் பலகாரம். வாய்ப்புற்று வந்தவர்களிடமிருந்து எடுத்து வளர்த்த செல்களைச் சின்னக் குழாய்களில் அடைத்து, நைட்ரஜன் கேனில் உறையவைத்திருந்தார். விடுமுறைக்கு முந்தைய நாள் ஆயுதபூஜையில், மாணவி சத்தியப்பிரியா பக்தியோடு கேனுக்குச் சந்தனம் பூசிக் கழுத்தில் மாலையும் போட்டாள். மாலை நார் இடறி மூடி சரியாக உட்காரவில்லை. இன்று வந்து பார்த்தால் நைட்ரஜன் ஆவியாகி அடிமட்டத்தில் கிடக்கிறது. நைட்ரஜன் கொண்டுவரும் மதுரை வண்டிக்கோ இன்னும் லீவு. செல்கள் போனால் அவளுடைய மூன்று வருஷ ஆராய்ச்சியும் சேர்ந்து போகும்.

நடந்ததைக் கேட்ட வேல்பாண்டி, “அந்தப் புள்ளைய நாலு சாத்து சாத்தியிருக்க வேண்டாமா?”

“பூ வச்சது தப்பில்லைங்கய்யா. மூடிய அழுத்திப் பாக்கணும்னு சொல்லிக்குடுக்காதது என் தப்பு. படிப்பே வேணாம்னு கார்ல அழுதுக்கிட்டு இருக்கா. கேனைத் தூக்க ஆள் வேணும், அப்புறமா அழுன்னு சொல்லியிருக்கேன்.”

ஒரு கன்றுக்குட்டி தவறியதற்கு வாங்கிய அடி வேல்பாண்டியின் முதுகில் இன்னும் தழும்பாக இருக்கிறது. அன்று அவருக்காக இப்படிப் பேச ஒருவர் இல்லை.

“செல்லு பிழைச்சா காசு குடுங்க. செத்தா வேணாம். ஆனா நோட்டா வரணும். அந்தப் புள்ளைதான் கொண்டாரணும்.”

நைட்ரஜன் நிரப்பிய ஒரு கேனைத் தானே தூக்கிப்போய்க் காரில் வைத்தார்.

ஊசி போடும் இராமு விடவில்லை. “போணியவே கடன் குடுத்தீகளாமே அண்ணே?”

“பல்கலைக்கழகமே எங்கிட்டக் கடன்டா. உனக்கு எவன் குடுப்பான்?” என்றார். ஆனாலும் காரைக்குடி வண்டி எது வந்தாலும் கண் அங்குட்டுத்தான் போனது.

கார்த்திகை பிறந்த பிறகு ஒரு காலை, கடை திறக்கும்போதே சத்தியப்பிரியா நின்றாள்.

“மேடம் வரலையா?”

“கார்ல இருக்காங்கய்யா. நீயே போயிச் சொல்லுன்னுட்டாங்க. மேல இருந்த குழாயெல்லாம் செத்துப்போச்சு. மேடம் ஒவ்வொண்ணையும் என்னையவே பிரிக்க வச்சாங்க. அடியில கிடந்தது மட்டும் தட்டுல ஒட்டிப் பெருக ஆரம்பிச்சிருச்சு.”

“அடியில கிடந்ததுதான் பிழைக்கும். என்னையப் பாரு.”

சத்தியப்பிரியா சிரித்தாள். அன்றைக்கு இன்னும் போணி ஆகவில்லை. வேல்பாண்டி சாமி படத்தைப் பார்த்துக்கொண்டு வலது கையை விரித்து நீட்டினார். அவள் நோட்டுகளை ஒவ்வொன்றாகச் சத்தமாய் எண்ணி அந்தக் கையில் வைத்தாள்.