தண்ணீரைத் தொட்ட கை

‘நிலக்குளிர் அறை. பூமியின் இயற்கைச் சீதோஷ்ணத்தைக் கொண்டு கோடையில் குளிர்ச்சியும் பனிக்காலத்தில் கதகதப்பும் தரப்படும். அமைப்பு: ஸ்ரீ ராக்கையா, பூமி உஷ்ண நிபுணர்.’

தேனிச் சந்தைக்குப் பின்னால், பஞ்சு வியாபாரி வைகுண்டராஜின் கொள்முதல் அறை வாசலில் இப்படி ஒரு பலகை தொங்கியது. நிபுணர் அதைப் படித்ததில்லை. அவருக்குப் படிக்கத் தெரியாது. அறைக்குள் உட்கார்ந்ததும் இல்லை. சுவருக்கு வெளியே, சித்திரை வெயிலில், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு விசிறிப் பெட்டியின் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருப்பார். உள்ளே நாலு பேர் குளிர வேண்டுமானால் வெளியே ஒருவர் வேர்த்தாக வேண்டும் என்ற விஷயம் பலகையில் விட்டுப்போயிருந்தது.

“என்ன நிபுணரே, ஒமக்கே இப்பிடி ஊத்துதே?” என்பான் வண்டிக்காரன் சுருளியாண்டி.

“குளிரு உள்ளல்ல இருக்கு. நான் இங்கனல்ல இருக்கேன்” என்பார் ராக்கையா, கையை நிறுத்தாமல்.

உண்மையில் அவர் கிணறு வெட்டுகிறவர். பக்கத்தில் இருந்த நாற்பதடிக் கிணறு அவர் வெட்டியதுதான். அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. வீணாய்ப் போன கிணற்றை என்ன செய்வதென்று யோசித்த வைகுண்டராஜ், ஏதோ ஆங்கிலப் பத்திரிகையைப் படித்துவிட்டு, அதன் பாதியாழத்திலிருந்து அறை வரைக்கும் மண்குழாய்களைப் புதைத்தார். விசிறி சுற்றினால் காற்று கிணற்றுக்குள் இறங்கி, மண்ணுக்கடியில் ஊர்ந்து, அறைக்குள் வரும். கொடைக்கானல் போகச் செலவில்லை என்று வியாபாரிகள் மெச்சினார்கள்.

வந்தவர்களுக்கெல்லாம் வைகுண்டராஜ் ஒரே பாடத்தை ஒப்பிப்பார். “ஆழத்துல மண்ணுக்குச் சித்திரையும் கெடையாது, மார்கழியும் கெடையாது. எப்பவும் ஒரே சூடு. வெயில்ல அது நமக்குக் குளிரு. பனியில அதே நமக்குக் கதகதப்பு. ராக்கையா கை வச்ச எடமய்யா இது!”

அந்த இடத்தில் விசிறி ஒரு சுற்றுத் தாமதிக்கும். பாராட்டுக் கேட்டால் தலை நிமிரும் மனிதர்களைத்தான் நாம் பார்த்திருக்கிறோம். ராக்கையாவுக்குத் தலை துண்டுக்குள் போய்விடும்.

காரணம் அவருக்கு மட்டுமே தெரியும். ஐந்து வருஷத்துக்கு முன், மழை ஓய்ந்த ஒரு மார்கழிக் காலையில், அந்தக் கிணறு இருபத்தைந்தடியில் கசிந்தது. ஊற்றுக் கண்டால் வெட்டியவருக்குப் புது வேட்டி கட்டி, முதல் குடத்துத் தண்ணீரில் வீட்டம்மா பொங்கல் வைப்பது வழக்கம். ராக்கையா கசிவில் கையை வைத்தார். சில்லென்று இருந்தது. மார்கழியில் ஊற்றுத் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும். சில்லென்றிருந்தால் மேலேயிருந்து இறங்கிய மழைத்தண்ணீர். இது அவர் கைக்கு நன்றாகத் தெரியும். ஆனால் மேலே வைகுண்டராஜின் மனைவி சொர்ணலதா, குளித்து முழுகிக் குடத்தோடு நின்றார். தெருவே எட்டிப் பார்த்தது.

“ராக்கையா, தண்ணியா?”

“தண்ணிதான் ஆத்தா!”

தை முடிவதற்குள் கிணறு காய்ந்தது. மேற்கொண்டு பதினைந்தடி தோண்டியும் பாறைதான். “பாறை ஏமாத்திப்புடுச்சு, பாவம் அவரு என்ன செய்வாரு?” என்று ஊரே பாறையைத் திட்டியது. பாறை பதில் பேசவில்லை, ராக்கையாவும் பேசவில்லை. புது வேட்டி மட்டும் மடிப்புக் கலையாமல் பெட்டியில் கிடந்தது. கரை பிடிக்கவில்லை என்று மனைவியிடம் சொல்லி வைத்திருந்தார்.

இந்த மார்கழியில் அல்லிநகரத்துக் கீழத்தெருப் பெண்கள் ஆளாளுக்கு மண் சுமந்து வெட்டிய குடிநீர்க் கிணற்றில், ஒரு வார மழைக்குப் பின் தண்ணீர் தெரிந்தது. மறுநாள் உள்சுவருக்குக் கல் கட்ட ஏற்பாடு. கட்டிவிட்டால் அதற்குமேல் ஆழமாய்த் தோண்ட முடியாது. அவர்களில் ஒருத்தியான முத்துப்பேச்சி விடியுமுன்னே ராக்கையா வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

“மாமா, மொதலாளியும் வாறேன்னு சொல்லிட்டாக. நீங்க ஒரு வாட்டி எறங்கிக் கை வச்சுச் சொல்லிட்டா எங்களுக்குத் தெம்பு. ஆத்துக்கு நடந்து நடந்து காலு தேஞ்சு போச்சு.”

ராக்கையா வழிநெடுக இருமிக்கொண்டே போனார். அதுவும் மழைத்தண்ணீராக இருந்து, அதைச் சொன்னால், எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். எப்படி என்று சொல்லிவிட்டால், அடுத்த கேள்வி எந்தக் கிணற்றைப் பற்றியது என்பதில் அவருக்குச் சந்தேகமில்லை.

கயிற்றைப் பிடித்து இறங்கினார். பக்கவாட்டில் கசிந்த தண்ணீரில் கையை வைத்தார். எடுத்தார். திரும்ப வைத்தார்.

“என்ன மாமா, அங்கனயே குளிச்சுட்டு வரப்போறீகளா?” முத்துப்பேச்சி சிரித்தாள். குடங்களோடு நின்ற பெண்களும் சிரித்தார்கள்.

“கல்லு கட்டாதீக” என்றார் ராக்கையா. “இது மழத்தண்ணி. ஊத்து இன்னும் கீழ கெடக்கு.”

சிரிப்பு நின்றது. பெண்களோடு மேலே நின்ற வைகுண்டராஜ் குனிந்து பார்த்தார். “எப்பிடிய்யா சொல்ற?”

“ஊத்துத்தண்ணின்னா இந்நேரம் வெதுவெதுன்னு இருக்கும் மொதலாளி. இது சில்லுன்னு இருக்கு.”

இந்தப் பாடத்தை வைகுண்டராஜை விட நன்றாக ஒப்பிக்கக்கூடியவர் அந்தத் தாலுகாவில் இல்லை. 

“அப்ப நம்ம கெணத்துல?”

“அன்னைக்கும் சில்லுன்னுதான் இருந்துச்சு.”

 ஏறி வருவதற்குக் கயிறு தொங்கிக்கொண்டிருந்தது. ராக்கையா அதைத் தொடவில்லை. கடப்பாரையை இறக்கச் சொல்லி, குனிந்தபடியே தோண்டத் தொடங்கினார்.