வெல்தா கேட்காத விசா

லண்டனில் எங்கள் லாட்வியத் தூதரகத்தில் நாற்பது வருடத்துக்கு மேல் சமைத்தவள் வெல்தா. அந்தத் தூதரகத்துக்கு அப்போது நாடே கிடையாது. 1918இல் கிடைத்த சுதந்திரத்தை 1940இல் ரஷ்யர்கள் விழுங்கினார்கள். அடுத்த வருடம் ஜெர்மானியர்கள் வந்தார்கள், 1944இல் மறுபடி ரஷ்யர்கள். வரைபடத்திலிருந்தே பெயர் போய்விட்டது. ஆனால் இங்கிலாந்து சட்டப்படி அதை ஒப்புக்கொள்ளவில்லை. அதனால் எங்கள் கொடி பறந்தது, எங்கள் பாஸ்போர்ட் செல்லுபடியானது, வெல்தாவின் அடுப்பும் எரிந்தது.

1944இல் ரஷ்யர்கள் நெருங்கியபோது வெல்தா தலைநகர் ரீகாவில் கப்பலேறினாள். மூன்று வயது மகள் இல்காவுக்கு அனலாகக் காய்ச்சல். "நீ போ, அடுத்த கப்பல்ல நான் கூட்டிட்டு வரேன்" என்றாள் அக்கா. அடுத்த கப்பல் வரவே இல்லை, பாழாய்ப் போன கப்பல்!

எழுபதுகளில் லண்டனிலிருந்து சிலர் சோவியத் தூதரகத்தில் விசா வாங்கி ரீகா போய்வந்தார்கள். அவர்களோடு நாங்கள் யாரும் பேசுவதில்லை. அப்படியொரு வீம்பு எங்களுக்கு. அந்தச் சமயத்தில்தான் இல்காவுக்குப் புற்றுநோய், நாள் எண்ணிக்கொண்டிருக்கிறாள் என்று செய்தி வந்தது.

மறுநாள் சுதந்திர தினம். விருந்துக்காக நானும் வெல்தாவும் தூதரக அடுப்படியில் பன்றிக்கொழுப்பு வைத்துப் பன் உருட்டிக்கொண்டிருந்தோம்.

"போய் விசா கேளுடி. பெத்த பொண்ணுடி!" என்றேன்.

"என் ஊருக்குப் போக அவன்கிட்ட அனுமதியா? கேட்டா, ரீகா உன்னுதுதான்னு நானே எழுதிக் குடுத்த மாதிரி, ஆஸ்த்ரா."

"எழுதிக் குடுத்துட்டுத்தான் போயேன். ரீகா என்ன தேஞ்சா போயிடும்?"

"திரும்பி வந்து எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு இந்த வீட்ல மாவு பிசைவேன்?"

பாட்டுக்குழு எல்மார்ஸ் அடுப்படிக்குள் தலையை நீட்டினான். "என்னக்கா, மாஸ்கோவுக்கே சமைக்கப் போறீங்களாமே?" என்று இளித்தான்.

வெல்தாவின் முகம் செத்துவிட்டது. அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. வசந்தத்தில் இல்கா போய்ச் சேர்ந்தாள். எல்மார்ஸை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. சத்தியமாக, வெல்தாவையும்தான்.

1991இல் நாடு திரும்பக் கிடைத்தது. தூதரகத்தில் கட்டிப்பிடித்து அழுதோம், தொண்டை கட்டும்வரை பாடினோம். அடுத்த கோடையில் வெல்தாவை நான்தான் ரீகாவுக்கு அழைத்துப் போனேன். யாரிடமும் விசா கேட்க வேண்டியிருக்கவில்லை.

கல்லறையில் இல்காவின் கணவர் வில்னிஸ் எங்கள் வழக்கப்படி சமாதியைச் சுற்றி மணலை வரிவரியாகச் சீவிவிட்டுக்கொண்டிருந்தார்.

"நான் அங்க நம்ம நாட்டைக் காப்பாத்திட்டு இருந்தேன், தம்பி" என்றாள் வெல்தா.

"தெரியும் அத்தை. நாட்டுல இருந்தது அவதானே." கை நிற்காமல் சீவிக்கொண்டே சொன்னார். "கடைசி மாசம் கட்டிலை வாசலைப் பாத்துத் திருப்பிப் போடச் சொன்னா. 'மத்தவங்கல்லாம் விசா வாங்கி வராங்க, அம்மாவும் வந்துடுவாங்க'ன்னா."

வெல்தா அந்த மணலிலேயே உட்கார்ந்துவிட்டாள். தூக்கப் பார்த்தேன், முடியவில்லை.

"நான் வருவேன்னே நெனச்சிருக்காடி" என்றாள். "என்னை நம்பியிருக்காடி, ஆஸ்த்ரா."