திறக்காமல் விட்ட கூடு

அந்த மீன்பிடித் துறையில் யாரையும் பெற்றவர்கள் வைத்த பெயரால் கூப்பிடுவது கிடையாது. கடலடியில் இறக்கிய கூட்டுக்கு அடையாளமாக மேலே மிதக்கும் மிதவைக்கு அடித்த வண்ணம்தான் ஆளின் பெயர். பச்சைப் பட்டை அடித்தவர் பச்சையார். கறுப்பில் இரண்டு வளையம் போட்டவன் இரட்டைக்கறுப்பு. ஒரு மனிதர், பாவம், வீட்டுக் கதவுக்கு அடித்து மிஞ்சிய ஊதாவை வீணாக்க மனமில்லாமல் மிதவைக்கு அடித்துவிட்டார்; இருபது வருஷமாகக் கத்தரிக்காய் என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்க்கிறார்.

நம் கதை பச்சையாருடையது. வயது ஐம்பத்தேழு. தொழில், கடலடியில் கூடு இறக்கி சிங்கி இறால் பிடிப்பது. குட்டை உருவம், அகலமான கை, இடது கட்டைவிரலில் நகம் கிடையாது. பேச்சு என்றால் அளந்துதான். வீட்டில் தண்ணீர் வேண்டுமென்றால்கூட டம்ளரை மேஜையில் இரண்டு தட்டுத் தட்டுவார். அவர் மனைவி, "எனக்கு வாய்ச்சது புருஷன் இல்ல, தந்தி ஆபீஸ்" என்று சொல்லிக்கொண்டே தண்ணீர் கொண்டுவந்து வைப்பாள்.

அவர் பிறந்தது கடலுக்குச் சம்பந்தமே இல்லாத வீட்டில். அப்பா தச்சர். கல்யாணம் செய்துகொண்ட பிறகுதான் படகேறினார். முதல் ஆறு மாதம் வாந்தி எடுத்தே பாதி ஆளாகிவிட்டார். ஆனாலும் மாமனார் கைவிடவில்லை. தன் கடலில் ஆகச் சிறந்த இடமான அடுக்குப் பாறையைப் பெற்ற மகன் இருக்க மருமகனுக்குக் கொடுத்தார். மகனுக்குக் கொடுத்தது அதற்கு அந்தப் பக்கம் உள்ள மணல்மேடு. அந்த மகன்தான் இரட்டைக்கறுப்பு. பச்சையாரின் மைத்துனன். 'என் அப்பா பாறை' என்று அவன் வாய் தவறியும் சொன்னதில்லை. நினைக்காத நாளும் இருந்திருக்காது.

கடலில் வேலியா போட முடியும்? இந்தப் பாறை இன்னாருக்கு என்று எந்த ஆபீஸிலும் பதிவு கிடையாது. கோர்ட்டுக்குப் போனால் சிரித்து அனுப்பிவிடுவார்கள். ஆனாலும் பால் குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும், எந்தப் பாறை யாருடையது என்று. அடுத்தவன் இடத்தில் கூடு போட்டால் மூன்று தடவை சொல்லவேண்டும். வாயால் இல்லை. முதல் தடவை, அவன் மிதவையின் கழுத்தில் இரண்டு முடிச்சு. 'பார்த்துவிட்டேன், எடுத்துக்கொண்டு போ' என்று அர்த்தம். ஒரு வாரம் பொறுத்தும் போகவில்லை என்றால் கூட்டை இழுத்து, கதவைத் திறந்து, அப்படியே இறக்கிவிட வேண்டும். உள்ளே இருக்கும் சிங்கி தன் வழியே போய்விடும். அதில் ஒன்றைத் தொட்டாலும் நீ திருடன். அதற்கும் அசையாவிட்டால் மூன்றாவது தடவை கயிற்றை அறுக்கலாம். அறுத்தால் யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் முடிச்சுப் போட்டுவிட்டுச் சும்மா இருந்துவிட்டால் இடம் எல்லாருக்கும் திறந்ததாக ஆகிவிடும். ஒருவன் தானாகவே ஓர் இடத்தை விட்டுப் போனால், அடுத்து முதலில் கூடு இறக்கியவருக்கு அது சொந்தம்.

இன்னொன்றும் உண்டு. கரைக்கு வரும் படகு கயிற்றை எறிந்தால், படகு அணையும் ஜெட்டியில் நிற்பவர் பிடித்துக் கட்டவேண்டும். வெட்டுப்பழி குத்துப்பழி என்று இருந்தாலும் கயிற்றைப் பிடித்தே ஆகவேண்டும்.

பச்சையாருக்கு ஒரே மகள். பன்னிரண்டு வயதிலேயே அப்பா படகில் ஏறியவள். அடுக்குப் பாறையின் எந்த இடுக்கில் எப்போது சிங்கி வந்து ஒதுங்கும் என்று அவளுக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். அவள் போயும் போயும் எதிர்க்கரைப் பையனைக் கட்டிக்கொண்டாள். இரண்டு கரைக்கும் நடுவில் ஒரு மணி நேரக் கடல், தலைமுறையாக இடத் தகராறு. கல்யாணத்தன்று இரட்டைக்கறுப்பு சாப்பிடாமலே எழுந்து போனான். பச்சையார் ஒன்றும் சொல்லவில்லை. மாப்பிள்ளை வந்தால் காற்றைப் பற்றிப் பேசுவார், மழையைப் பற்றிப் பேசுவார். கூடு பற்றி மட்டும் இரண்டு பேரும் மூச்சுவிட மாட்டார்கள்.

போன பருவம் தொடங்கும்போது மாப்பிள்ளையின் வலது கை கயிறு சுருட்டும் இயந்திரத்தில் மாட்டி நசுங்கிவிட்டது. பச்சையாரும் மனைவியும் ஓடிப்போய்ப் பார்த்தார்கள். படகை இப்போதைக்கு அவன் சித்தப்பா மகன் ஓட்டுகிறான் என்று மகள் சொன்னாள். இவர்களும் நம்பிக்கொண்டு திரும்பி வந்தார்கள்.

இரண்டு மாதம் போயிருக்கும். அடுக்குப் பாறையில் பன்னிரண்டு மிதவைகள் நின்றன. முழு ஆரஞ்சு. யாருடைய நிறமும் இல்லை, புது நிறம். பச்சையாருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. எவனோ முளைத்து மூன்று இலை விடாத பயல் என்று பல்லைக் கடித்துக்கொண்டு பன்னிரண்டு கழுத்திலும் இரண்டிரண்டு முடிச்சுப் போட்டார். அதைத் துறையிலும் சொன்னார். சொல்லவேண்டும், அதுவும் முறைதான்.

ஒரு வாரம் கழித்துப் போனால் ஆரஞ்சு அப்படியே நின்றது. இடம் மாறவே இல்லை. சரி, கதவைத் திறந்துவிடலாம் என்று முதல் கூட்டை இழுத்துப் படகின் விளிம்பில் வைத்தார். கதவில் கை வைத்தவருக்கு உள்ளே இருக்கும் வலைவாய் கண்ணில் பட்டது. வலைவாய் என்பது சிங்கி உள்ளே நுழையும் புனல். அவரவர் கையால் பின்னுவது. அதன் நுனியை எல்லாரும் முடிச்சுப் போட்டு நறுக்கிவிடுவார்கள். இந்த நுனி மூன்று பிரியாக, சின்னப் பெண்ணின் சடை மாதிரி பின்னியிருந்தது. உலகத்தில் ஒருத்திதான் அப்படி முடிப்பாள். வேலைக்கு ஆகாத அலங்காரம் என்று பன்னிரண்டு வயதில் அவளைத் திட்டியவரே இவர்தான்.

சித்தப்பா மகனாவது, ஒன்றாவது. மகள்தான் கடலுக்கு வந்துகொண்டிருக்கிறாள். எதிர்க்கரையில் மருமகளுக்கென்று இடம் விடமாட்டார்கள். வீட்டில் கை முடியாத புருஷன். அவளுக்குத் தெரிந்த பாறை இது ஒன்றுதான், வந்துவிட்டாள். 

பச்சையார் கதவைத் திறக்கவில்லை. பன்னிரண்டு கூடுதானே, மாப்பிள்ளை கை சரியாகும் வரைக்கும்தானே, யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தார். நினைத்ததோடு விட்டாரா? இரை கரைந்துபோயிருந்த கூட்டிலெல்லாம் தன் வாளியிலிருந்து மீன்தலை எடுத்துப் போட்டு, கதவை நன்றாகச் சாத்தி இறக்கினார். அடுத்தவர் கூட்டுக்குள் கை விட்டது அவர் வாழ்க்கையில் அன்றைக்குத்தான் முதல் தடவை.

கடலில் யாருக்கும் தெரியாது என்று எதுவும் கிடையாது. முடிச்சு விழுந்த ஆரஞ்சு மிதவைகள் பத்து நாள் கழித்தும் அப்படியே நிற்பதை, கூடு நிறையச் சிங்கி ஏறிப் போவதை எதிர்க்கரைக்காரர்கள் பார்த்தார்கள். இடம் திறந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் மேல் தப்பே சொல்ல முடியாது, சட்டம் அதுதானே. ஒரே நாள் காலையில் நீலம், சிவப்பு, கட்டம் போட்டது என்று முப்பது கூடு அடுக்குப் பாறையில் இறங்கின. நான்கு இரட்டைக்கறுப்பின் மணல்மேட்டிலும் விழுந்தன.

அன்று மதியம் ஐஸ் உடைக்கும் கொட்டகையில் துறையே கூடிவிட்டது. இரட்டைக்கறுப்பின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. சத்தம் போடாமல்தான் கேட்டான்.

"அத்தான், முடிச்சுப் போட்டீங்க. சரி. கதவத் திறந்தீங்களா?"

இருபது பேர் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். இல்லை என்று சொன்னால் ஏன் என்பார்கள். ஏன் என்றால் மகள் பெயர் வரும். மகள் பெயர் வந்தால், அப்பனும் மகளும் சேர்ந்து கரையை விற்றுவிட்டார்கள் என்றாகிவிடும். 

"திறந்தேன்" என்றார் பச்சையார்.

ஒரே ஒரு சொல். அத்தோடு முடிந்தது. இரண்டாவது தடவை சொல்லியும் கேட்காதவனின் கயிற்றை அறுக்கலாம். அந்தப் பன்னிரண்டு ஆரஞ்சுக்கு அவரே கத்தி எடுத்துக் கொடுத்துவிட்டார். கொட்டகையை விட்டு வெளியே வரும்போதுதான் இது அவர் மண்டையில் உறைத்தது. திரும்பி உள்ளே போய்ச் சொல்லியிருக்கலாம். போகவில்லை.

வீட்டுக்கு வந்து போனை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மகள் எண்ணைப் போட்டார். மணி அடிக்கும் முன்னே வைத்துவிட்டார். கூடு பற்றி வாயால் பேசி அவருக்குப் பழக்கமில்லை. முப்பது வருஷம் பேசாத வாய் அன்றைக்கு மட்டும் எப்படித் திறக்கும்? மனைவி என்னவென்று கேட்டாள். அவளிடமும் சொல்லவில்லை.

மறுநாள் விடிந்ததும் ஐந்து படகு போயின. எதிர்க்கரையிலிருந்து வந்த மற்றக் கூடுகளுக்கு முடிச்சுதான் விழும். அவர்களுக்கு அது முதல் தடவை. அறுபடப் போவது ஆரஞ்சு மட்டும். முதல் கயிற்றை இடத்துக்காரர்தான் அறுக்கவேண்டும். எல்லாரும் எந்திரத்தை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்கள். பச்சையார் மிதவையைக் கொக்கியால் இழுத்தார். கத்தியை வைத்தார். கயிறு புதுசு, உடனே அறுபடவில்லை. நாலைந்து தடவை இழுக்கவேண்டியிருந்தது. கூடு நூறடிக்கு மேல், பதினெட்டு பாகம் ஆழத்தில் அங்கேயே கிடந்துவிட்டது. பிறகு அடுத்தது. பன்னிரண்டையும் அவரே அறுத்தார். மற்றவர்களைத் தொடவிடவில்லை. அவர் ரோஷத்தைப் பார்த்துத் துறையே மெச்சிக்கொண்டது. எதிர்க்கரைக்காரர்களும் முடிச்சைப் பார்த்து மறுநாளே தங்கள் கூடுகளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

இரண்டு நாள் கழித்து மகள் வந்தாள். படகில் வரவில்லை, கரையைச் சுற்றிக்கொண்டு பஸ்ஸில் வந்தாள். கையில் ஒரு கோணிப்பை. அதை அடுக்களை மேஜை மேல் வைத்தாள். உள்ளே கரை ஒதுங்கிய மூன்று ஆரஞ்சு மிதவைகள். அம்மாவுக்கு அப்போதுதான் விஷயம் விளங்கியது. அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே நின்றாள்.

மகள் அழவில்லை. அழுதிருந்தால் அவருக்குத் தேவலாம் போலிருந்திருக்கும்.

"அறுத்தது தப்புன்னு சொல்ல வரலப்பா. உங்க இடம், அறுத்தீங்க. முடிச்சு விழுந்தப்பவே அது உங்க கைன்னு தெரியும். கதவு திறந்தா எடுத்துக்கிட்டுப் போயிடணும்னுதான் இருந்தேன். வந்து பாக்குறேன், கதவு சாத்தியிருக்கு. உள்ள புது மீன்தலை இருக்கு. அப்பா சரின்னுட்டாருன்னு நினைச்சேன்."

பச்சையார் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எதிரிக்குக்கூட மூணு தடவை சொல்வீங்களே. எனக்கு ஏன்ப்பா ரெண்டாவது தடவை சொல்லல? திறந்திருந்தா என் கூடாவது மிஞ்சியிருக்கும்."

அவர் ஒரு மிதவையின் அறுந்த கயிற்று நுனியைத் தடவிக்கொண்டிருந்தார்.   பிறகு மகள் அம்மாவிடம் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றாள். மிதவைகளைப் பையில் போட்டு இடுக்கிக்கொண்டு போய்விட்டாள். அம்மா தெருமுனை வரை கூடப் போய்விட்டுத் திரும்பி வந்தாள். அன்றிலிருந்து அவர் டம்ளரைத் தட்டினால் தண்ணீர் வரவில்லை. அவரே எழுந்து போய்க் குடித்தார்.

அடுத்த வாரம் அடுக்குப் பாறையில் அவருடைய பச்சைப் பட்டை மிதவைகள் ஒவ்வொன்றின் கழுத்திலும் இரண்டு முடிச்சு இருந்தது. அவருடைய இடத்தில், அவருடைய மிதவையில்! முடிச்சின் வால் சடைபோலப் பின்னியிருந்தது. அவர் அதை அவிழ்க்கவும் இல்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை. சரியாக ஏழு நாள் கழித்து முதல் கூட்டை இழுத்தார். கதவு திறந்திருந்தது. இரை வைத்தது வைத்தபடி இருந்தது. இடுக்கில் வழி தெரியாமல் ஒரு பெரிய சிங்கி உட்கார்ந்திருந்தது; அதையும் அவள் தொடவில்லை. அடுத்த கூட்டை இழுத்தார். அதுவும் திறந்திருந்தது. அவருடைய முப்பது கூடும் திறந்திருந்தன. ஒரு படிகூடத் தாண்டாமல், அவர் செய்யாததை அவள் முறையாகச் செய்துவிட்டுப் போயிருந்தாள். பச்சையாருக்கு அழுகை வந்தது. படகில் தனியாகத்தான் இருந்தார், அதனால் நன்றாக அழுதார்.

பிறகு முப்பது கூட்டையும் ஒன்றொன்றாக ஏற்றி அடுக்கினார். கொஞ்ச தூரத்தில் மகளின் படகு நின்றுகொண்டிருந்தது. அவள் கை அசைக்கவில்லை. இவரும் அசைக்கவில்லை. இவர் படகு பாறையை விட்டு விலகுகிறவரை அவள் அங்கேயே நின்றாள். திரும்பிப் பார்த்தபோது முதல் ஆரஞ்சு தண்ணீரில் விழுந்திருந்தது.

மணல்மேட்டில் வேலையாக இருந்த இரட்டைக்கறுப்பு, அத்தான் படகு கூடும் குடித்தனமுமாக வருவதைப் பார்த்துக் குறுக்கே வந்தான். என்ன ஆச்சு என்று கேட்டான். காற்று மாறுகிறது, கூடு பழுது பார்க்கவேண்டும் என்று எதையாவது சொல்லித் தப்பித்திருக்கலாம். பச்சையார் எந்திரத்தை நிறுத்தினார்.

"அன்னைக்கு நான் கதவத் திறக்கல. திறந்தேன்னு பொய் சொன்னேன். அது என் மக கூடு. இப்ப இடத்த நானே விட்டுட்டேன். முதல்ல போட்டவ அவதான்."

இரட்டைக்கறுப்பு அவரைப் பார்த்தான். அவருக்குப் பின்னால், தன் அப்பாவின் பாறையைப் பார்த்தான்.  வேகமாகக் கரைக்குப் போய்விட்டான்.

பச்சையார் போய்ச் சேரும்போது ஜெட்டியில் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். கத்தரிக்காயும் நின்றிருந்தார். பச்சையார் வழக்கம்போலக் கயிற்றை எறிந்தார். கயிறு பலகையில் விழுந்தது, வழுக்கியது, தண்ணீருக்குள் போனது. அவர் நனைந்த கயிற்றை இழுத்துச் சுருட்டிக்கொண்டு, தானே தாவி இறங்கிப் படகைக் கட்டினார்.