கீழ்க்குழாய்

அந்தப் பழைய காரை நான் சரியாகப் பார்க்காமலே அனுப்பிவிட்டேன். தொண்ணூறுகளின் நடுவில், கணபதியில் எனக்கு ஒரு சின்னப் பட்டறை இருந்த காலம் அது.

காருக்குச் சொந்தக்காரர் பொள்ளாச்சிப் பக்கத்து ஊர்க்காரர். மில்லில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவிக்குப் புற்றுநோய். கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் கரண்டு வைத்துக்கொள்ள, அதாவது கதிர்வீச்சுச் சிகிச்சைக்கு, வாரத்தில் ஐந்து நாள் வர வேண்டும். பஸ் குலுக்கலை அந்த அம்மாவால் தாங்க முடியாது. அதனால் ஐம்பதுகளில் வாங்கிய குடும்பக் காரை ஷெட்டிலிருந்து வெளியே எடுத்திருந்தார். அது வழியில் சூடாகிறது என்று என்னிடம் கொண்டுவந்தார்கள்.

ரேடியேட்டரைக் கழற்றிக் கழுவினேன். உள்ளேயிருந்து செம்மண் மாதிரி துரு வந்தது. தெர்மோஸ்டாட் ஒட்டிப்போயிருந்தது; மாற்றினேன். விசிறி பெல்ட்டை இறுக்கி, டைமிங் வைத்து, ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்றும் பார்த்தேன். பிறகு பட்டறை வாசலில் நிறுத்தி அரை மணி நேரம் ஓடவிட்டேன். மீட்டர் முள் நடுவிலேயே நின்றது.

அந்த அம்மா பின்சீட்டில் சாய்ந்தபடி கேட்டார்: "ஏனுங்க, இனி நடுவழியில நிக்காதுங்களா?"

"நிக்காதுங்கம்மா. தைரியமா போங்க" என்றேன். ரோட்டில் ஓட்டிப் பார்க்கவில்லை. வெயிலும் பசியும்தான் காரணம்.

நான்காம் நாள் மத்தியானம் கிணத்துக்கடவிலிருந்து அவர் போன் செய்தார். வண்டி கொதித்து நின்றுவிட்டது என்றார். நான் சாப்பாட்டுத் தட்டு முன்னால் இருந்தேன்.

"காலையில ரேடியேட்டர்ல தண்ணி பாத்தீங்களா?"

"ஊட்டுக்காரிதானுங்க ஊத்துனா. எப்பவும் அவதான் ஊத்துவா."

"அப்போ கொறவா ஊத்தியிருப்பாங்க. ஆற உட்டு நெறயா ஊத்தி எடுங்க" என்று சொல்லி போனை வைத்தேன். அன்றைக்கு அவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரவில்லை.

அடுத்த வாரம் அவர் மட்டும் வந்தார். மறுபடி இரண்டு தடவை கொதித்திருந்தது. "அவ இந்த வண்டில ஏற மாட்டேங்கிறாளுங்க" என்றார். நான்கு நாள் சிகிச்சை விட்டுப்போயிருந்தது.

பானெட்டைத் திறந்து, முன்பு செய்யாததைச் செய்தேன். கையால் ரேஸ் கொடுத்தேன். இன்ஜின் வேகம் ஏற ஏற, ரேடியேட்டரின் அடியிலிருந்து பம்புக்குப் போகும் ரப்பர் குழாய் யாரோ பிடித்து நசுக்குவதுபோல் தட்டையாகிவிட்டது. ரேஸை விட்டேன். குழாய் மறுபடி உருண்டையானது. குழாயைக் கழற்றினேன். அது நசுங்காமல் இருக்க உள்ளே ஒரு கம்பிச் சுருள் இருக்கும். அது துருப்பிடித்துப் பொடியாகியிருந்தது. மெதுவாக ஓடும்போது ஒன்றும் தெரியாது. ரோட்டில் வேகம் எடுத்தால் பம்பு இழுக்கிற இழுப்பில் குழாய் ஒட்டிக்கொள்ளும். இன்ஜினுக்குத் தண்ணீர் போகாது.

அவர் அந்தக் குழாயை வாங்கி விரலால் அமுக்கிப் பார்த்தார்.

"அப்போ, தண்ணி கொறவில்லீங்களா?"

"இல்லீங்க. எத்தனை ஊத்தியிருந்தாலும் கொதிச்சிருக்கும்."

அங்கே கிடந்த டயர் மேல் உட்கார்ந்துவிட்டார். "நடு ரோட்டுல வச்சு அவளை வாய்க்கு வந்தபடி பேசிப்போட்டேனுங்க. ஒரு சொம்புத் தண்ணி ஒழுங்கா ஊத்த முடியாதான்னு கேட்டேன். அவ வாந்தி எடுத்துட்டு இருந்தா."

புதுக்குழாய் போட்டேன். அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நானே வேகமாக ஓட்டிப் பார்த்தேன். முள் அசையவில்லை.

மறுநாள் அவர்கள் இருவரும் ஆஸ்பத்திரி போகும் வழியில் பட்டறை முன்னால் நிறுத்தினார்கள். நான் பின்கதவருகே போனேன். அந்த அம்மா பாதியாக இளைத்திருந்தார்.

"தப்பு எம்மேலதானுங்கம்மா. பாக்காம சொல்லிப்போட்டேன்."

"இவரு சொன்னாருங்க" என்றார். குரல் காற்றாக வந்தது. "எனக்கே சந்தேகமாப் போச்சு கண்ணு. நெறயா ஊத்துனமா, நோவுல மறந்துட்டமான்னு. ராத்திரியெல்லாம் அதையே நெனச்சுட்டுக் கெடந்தேன்."

கார் கிளம்பிப் போனது. சிகிச்சையின் மிச்ச நாட்களையும் முடித்தார்கள். ஐப்பசி மழையில் அந்த அம்மா இறந்துபோனார். விட்டுப்போன நாட்களால் அல்ல, நோய் முன்பே பரவியிருந்தது என்று டாக்டர் சொன்னாராம். கணவர் அதை என்னிடம் இரண்டு தடவை சொன்னார்.

தை மாதம் அவர் காரோடு வந்தார். மறுபடி சூடாகிறது என்றார். எல்லாவற்றையும் பார்த்தேன், ஒரு குறையும் இல்லை. அவரை ஏற்றிக்கொண்டு கிணத்துக்கடவு தாண்டி ஓட்டிப்போனேன். முள் நடுவிலேயே நின்றது.

"பாருங்க, சூடே இல்லீங்க" என்றேன்.

அவர் முள்ளைப் பார்க்கவில்லை. கண்ணாடிக்கு வெளியே, ரோட்டோரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இங்கதானுங்க நின்னோம்" என்றார்.