தார்ப்பாய்க்காரர் அடைத்த ஓட்டைகள்

பட்டம் வாங்கிய கையோடு முதல் வேலைக்காக இந்த நகரத்தில் வந்து இறங்கிய அன்றே என் பை கிழிந்துவிட்டது. எங்கள் குடும்பத்திலேயே முதல் பட்டச் சான்றிதழ் அதற்குள் இருந்தது. பதறிப்போய்த் தையல்கடை தேடினேன். லாரிப் பட்டறைகளுக்கு நடுவே தார்ப்பாய் தைக்கும் ஒருவர் பையை வாங்கிப் புரட்டினார். நான் காட்டிய கிழிசலோடு, காட்டாத இரண்டையும் சேர்த்துத் தைத்தார். பையின் அடியில் இருந்த ஒரு சின்னத் துளையை மட்டும் தொடவில்லை.

"இது எதுக்குன்னு தெரியாம அடைக்கக் கூடாது தம்பி."

பக்கத்து மெஷினில் இருந்த அவர் மனைவி விழுந்து விழுந்து சிரித்தார். அந்தத் தெருவே அவரை அக்கா என்றுதான் கூப்பிடுகிறது. அந்தச் சிரிப்புக்குப் பின்னால் ஒரு காலரா இருந்தது என்பது பழகிய பிறகுதான் தெரிந்தது.

முன்பெல்லாம் தார்ப்பாய்க்காரருக்கு ஓட்டை என்றாலே ஆகாது. தைத்து முடித்ததும் வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடிப்பார். ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரிந்தாலும் அன்று சோறு இறங்காது. சரக்கு நனைந்துவிட்டது என்று ஒரு டிரைவரும் அவரிடம் சண்டைக்கு வந்ததில்லை.

நான் வருவதற்கு முன்பு இங்கே காலரா பரவியபோது, ஆஸ்பத்திரியில் இடம் போதாமல் பக்கத்துப் பள்ளிக்கூடத்தை வார்டாக மாற்றினார்கள். கிடங்கில் கிடந்த மடக்குக் கட்டில்கள், தையல் பிரிந்த கோலத்தில், ஒரு வண்டி நிறைய அவர் கடைக்கு வந்தன. ஒவ்வொன்றின் கேன்வாஸிலும் நடுவில் வட்டமாக ஓர் ஓட்டை.

"எலி கடிச்சிருக்கு," என்றார் அவர்.

"எல்லாத்துலயும் ஒரே எடத்துலயா? எலி டேப் வெச்சு அளந்துதாக்கும்," என்றார் அக்கா. "ஒரு வார்த்தை கேட்டுட்டுச் செய்யுங்க."

"கேக்க என்ன இருக்கு? சீக்காளிங்க படுக்கிற கட்டில். ஓட்டையிலயா படுப்பாங்க பாவம்?"

நைலான் நூலில் இரட்டைத் தையல் போட்டு அத்தனையையும் ஒட்டுப் போட்டு அடைத்தார். ஒட்டுக்குக் காசு வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார். பெரிய புண்ணியம் செய்த நிறைவு அவருக்கு.

மறுநாள் அக்காவுக்கு வயிறு கலங்கியது. அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி போய்க்கொண்டே இருந்தது. குடிக்கத் தண்ணீர் கேட்டார். ஒழுகுவதில் ஊற்றினால் இன்னும்தானே ஒழுகும் என்று கணக்குப் போட்ட தார்ப்பாய்க்காரர் சொம்பை எடுத்து ஒளித்துவைத்தார். மதியத்துக்குள் அக்காவுக்குக் கண் குழி விழுந்தது, விரல் நுனி சுருங்கியது, குரல் கம்மிவிட்டது. அள்ளிப் போட்டுக்கொண்டு வார்டுக்கு ஓடினார்.

பெஞ்சில் படுக்கவைத்து டிரிப்ஸ் ஏற்றிய நர்ஸ், கட்டிலை இழுத்துப் பார்த்துவிட்டுக் கத்தினார்.

"யாரு இந்த நல்ல காரியத்தப் பண்ணது? வந்த கட்டில் பூராவும் அடைச்சு வெச்சிருக்கு!"

"நான்தான் சிஸ்டர். அதுக்குக் காசுகூட வாங்கல."

"அண்ணே, அந்த ஓட்டைக்குக் கீழதான் பக்கெட் வெப்போம். எவ்வளவு போகுதுன்னு அளந்தாத்தானே எவ்வளவு திருப்பிக் குடுக்கணும்னு தெரியும்?"

"தண்ணி குடுத்தா இன்னும் போகாதா?"

"போகட்டுமே! போறதவிட அதிகமா உள்ள போகணும், அவ்வளவுதான். உடம்பு காஞ்சுபோறதுதான் ஆளக் கொல்லுது. அடைக்கறது நம்ம வேலை இல்லண்ணே, ஈடுகட்டறதுதான் வேலை. ஆமா, வீட்ல என்ன குடிக்கக் குடுத்தீங்க?"

தார்ப்பாய்க்காரர் நர்ஸின் மேஜையில் இருந்த கத்திரியை எடுத்தார். அவர் போட்ட தையலாயிற்றே, லேசில் விடுமா? வியர்த்து வழிய அறுத்துக்கொண்டிருந்தபோது பெஞ்சிலிருந்து ஈனக்குரல் வந்தது.

"எலிகூட... இதவிட வெரசா கடிச்சிருக்கும்."

அந்தக் கேலியைக் கேட்ட பிறகுதான் அவருக்கு மூச்சே வந்தது.

அக்காவைக் கட்டிலுக்கு மாற்றினார்கள். மற்ற கட்டில்களையும் பொழுது சாய்வதற்குள் அவரே வெட்டி முடித்தார். பிறகு பக்கெட்டின் அளவுக் கோடுகளைப் பார்த்து நர்ஸிடம் சொல்வதும், உப்பும் சர்க்கரையும் கலந்த பொட்டலக் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டுவதும்தான் வேலை. டாக்டர் மாத்திரையும் கொடுத்தார். இரண்டாம் நாள் அக்கா எழுந்து உட்கார்ந்து, தலை சீவச் சீப்பு கேட்டார்.

வீடு திரும்பியபோது கடை இருந்த தெருவின் முனையில் தோண்டிப் போட்டிருந்தார்கள். சாக்கடைக் குழாயும் குடிநீர்க் குழாயும் ஒரே குழியில் உடைந்து கிடந்தன. யாருடைய வயிற்றிலிருந்தோ போன கிருமி, அந்த வழியாக எல்லார் வீட்டுக் குடத்துக்கும் வந்திருக்கிறது.

"அடைக்க வேண்டிய ஓட்டை இதுதான் போல," என்றார் அவர்.

"இதையும் தைக்கக் கெளம்பிடாதீங்க. ஃபிட்டர் பாத்துக்குவாரு."

புதுக் குழாய் போட்டு, தொட்டிகளில் குளோரின் கலந்த பிறகு தெருவில் நோய் அடங்கியது.

இப்போதும் இருவரும் அதே கடையில்தான், பக்கத்துப் பக்கத்து மெஷினில். ஆஸ்பத்திரிக் கட்டில்கள் எல்லாம் அவரிடம்தான் வருகின்றன. ஓட்டையின் விளிம்புக்குப் பட்டை வைத்துத் தைக்கிறார். காய்ச்சிய தண்ணீர் குழாய் வைத்த மூடிய பானையில் இருக்கிறது. கை கழுவும் இடத்தில் அவர் தைத்த வலைப்பையில் சோப்பு தொங்குகிறது. அக்கா நன்றாக இருக்கிறார்.