போடிமெட்டு ஏறிய ஜீப்பும் காணாமல் போன எண்ணெயும்

“சார், நீங்க என்னைய நம்புறீகளா, இந்தக் கம்பிய நம்புறீகளா?”

ஏலத்தோட்டத்து ஸ்டோர் வாசலில், ஜீப்பின் முன்மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு டிரைவர் பரமன் என்னிடம் கேட்ட கேள்வி இது. 1983 டிசம்பர், அரையாண்டு விடுமுறை. கேள்வி கேட்டும் பதில் சொல்லியுமே பிழைத்த வாத்தியார் நான். அந்தக் கேள்விக்கு மட்டும் இப்போதுதான் பதில் எழுதுகிறேன்.

போன வாரம் ஒரு வாசகர் எழுதியிருந்தார்: குடும்பத்தோடு சொந்த வண்டியில் போடிமெட்டு போக ஆசை, ஆனால் வண்டி எஞ்சின் ஆயிலைக் கொஞ்சம் அதிகமாகக் குடிக்கிறது, போகலாமா? தாராளமாகப் போகலாம். அதற்கு முன் இந்தப் பயணத்தைப் படித்துவிடுங்கள்.

என் மனைவியின் அண்ணன் தங்கராசுக்குப் போடியில் வீடு, மேலே பூப்பாறைப் பக்கம் பன்னிரண்டு ஏக்கர் ஏலத்தோட்டம். குடும்பத்துக்கு ஒரே ஜீப்பு. காய் மூட்டை இறக்குவதும் அதுதான், கல்யாணத்துக்குப் போவதும் அதுதான். நல்ல வண்டிக்கு மாதக்கணக்கில் எண்ணெய் சேர்க்க வேண்டாம். இதற்கோ மலைக்கு ஒரு நடை போய் வந்தால் முக்கால் லிட்டர், ஒரு லிட்டர் ஊற்றவேண்டியிருந்தது. ஏற்றத்தில் பின்னால் நீலப் புகை. பட்டறையில் எஞ்சினைப் பிரித்து பிஸ்டன் ரிங் மாற்றிப் பார்த்தார்கள். அப்போதும் குடி நிற்கவில்லை.

மதுரையிலிருந்து மீட்டர் கேஜ் ரயிலில் ஆறு ரூபாய் கொடுத்துப் போய்ச் சேர்ந்த அன்று சாயங்காலமே மச்சான் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“எஞ்சின் குடிக்கல மாப்ளே. பரமன் கறந்து விக்கிறான். நாளைக்கு நீங்க கூடப் போங்க, அவன் மேல வச்ச கண்ண எடுக்காதீக. எண்ணெ கொறைஞ்சிருந்தா அவனுக்கு இங்க சோலி கெடையாது. தையில வேற ஆளு.”

“பதினோரு வருசமா ஓட்டுறாரே மச்சான்?”

“அதான் தைரியம் வந்திருச்சு.”

பரமன் போடிக்குப் பக்கத்து ஊரான சிலமலைக்காரர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். இரண்டு பெண்களைக் கட்டிக் கொடுக்க வேண்டியிருந்தது. விருந்தாளியாக வந்த நான் காவலாளியாக ஏறி உட்கார்ந்தேன். இப்படிச் சொல்லிக்கொள்ள எனக்குப் பெருமை இல்லை.

காலை ஆறே காலுக்குக் கிளம்பினோம். கிளம்புமுன் மச்சானே எண்ணெய்க் கம்பியை உருவினார். தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை: எஞ்சினுக்குள் எண்ணெய் எவ்வளவு நிற்கிறது என்று பார்க்க ஒரு மெல்லிய கம்பி உண்டு, அதில் இரண்டு கோடுகள். மேல் கோட்டுக்கும் கீழ்க் கோட்டுக்கும் நடுவில் எண்ணெய் நிற்க வேண்டும். போடித் தெருவில் அன்று மேல் கோட்டையும் ஒரு விரற்கடை தாண்டி நின்றது. “பாத்துக்கங்க மாப்ளே, ததும்ப ததும்ப இருக்கு” என்று என் கண்முன்னால் நீட்டினார். பரமன் தலையைக் குனிந்துகொண்டு முன்கண்ணாடியைத் துடைத்தார். தன்மேல் சந்தேகம் இருப்பது அவருக்குத் தெரியும் என்று எனக்கு அப்போதே பட்டது.

அடிவாரத்து ஊரான முந்தலைத் தாண்டினால் ஏற்றம் ஆரம்பம். போடியிலிருந்து மெட்டு ஏறத்தாழ இருபத்தேழு கிலோமீட்டர், கொண்டை ஊசி வளைவுகள் பதினேழு. கீழே புளியமரம், நடுவில் காற்று, மேலே பனி. வளைவுக்கு வளைவு காது அடைத்துத் திறந்தது. பின்பக்கம் எட்டிப் பார்த்தேன், நீலப் புகை எங்களைவிட்டுப் பிரிய மனமில்லாமல் வந்துகொண்டிருந்தது. பரமன் முதல் கியரிலும் இரண்டாவதிலுமாக, பிள்ளையைத் தூக்கிப் படியேறுவதுபோல ஓட்டினார். அந்தக் கையைப் பார்த்தால் திருட்டுக் கை என்று நினைக்கத் தோன்றாது. ஆனால் கையைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல முடியுமா?

ஏழு ஐம்பதுக்கு மெட்டு. டீக்கடை அக்கா எங்களைப் பார்த்ததும் ஆரம்பித்தார்.

“வாங்க பரமண்ணே! ஒங்களுக்கு டீ. ஒங்க வண்டிக்கு என்ன, நல்லெண்ணெயா, கடலெண்ணெயா?”

“ரெண்டுலயும் ஒரு கிளாசு போடு. வெல ஒசந்தத அது குடிக்கட்டும்.”

எல்லோரும் சிரித்தார்கள். டீயைக் குடித்துவிட்டுத் திரும்பினால் பரமனைக் காணோம். ஜீப்பு கடையின் பக்கவாட்டில், என் பார்வைக்கு எட்டாமல் நின்றது. பத்து நிமிடம் கழித்துத்தான் வந்தார். “தண்ணி ஊத்தப் போனேன் சார்” என்றார், முகத்தைப் பார்க்காமல். என் மனதில் ஒரு முள் தைத்தது.

பூப்பாறைச் சாலையில் கொஞ்ச தூரம் போய், மண்சாலையில் திரும்பி, ஒன்பது பத்துக்குத் தோட்டத்து ஸ்டோரை அடைந்தோம். ஸ்டோர் என்பது ஏலக்காய் உலர்த்தும் கட்டடம். அது மேட்டில் இருக்கிறது, வாசலிலிருந்து தரை சரிந்து இறங்குகிறது. மூட்டை ஏற்ற வசதியாக ஜீப்பைப் பின்னால் விட்டு வாசலை ஒட்டி நிறுத்துவார்கள். மூக்கு பள்ளத்தைப் பார்த்து நிற்கும். பேட்டரி மக்கர் செய்தால் பிரேக்கை விட்டு உருட்டியே ஸ்டார்ட் செய்துகொள்ளலாம். மலையில் எல்லா வண்டிக்கும் இதுதான் பழக்கம்.

ஸ்டோர் கணக்கப்பிள்ளை வர்க்கி, மலையாளி. மூட்டை ஏறியதும் எண்ணெய் பார்த்து ஊற்றி அனுப்புவது அவர் வேலை, ஏனென்றால் வழியில் எங்கும் எண்ணெய் கிடைக்காது. கம்பியை உருவித் துடைத்து, உள்ளே விட்டு, மறுபடி உருவினார்.

“அய்யோ சாரே! கீழ்க் கோட்டுக்கும் தாழெப் போயி. ஒரு லிட்டர் ஊத்தாம எறங்கப் பற்றில்ல, முடியாது.”

நானே வாங்கிப் பார்த்தேன். உண்மைதான். காலையில் ததும்பிய எண்ணெய் மூன்று மணி நேரத்தில் கம்பியின் நுனியில் ஒட்டிக்கொண்டிருந்தது. மெட்டில் காணாமல் போன அந்தப் பத்து நிமிடம் நினைவுக்கு வந்தது.

“பரமண்ணே, டீக்கடையில எங்க போனீங்க?”

அப்போதுதான் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டார். சத்தம் போடவில்லை. கம்பியை என் கையிலிருந்து வாங்கி, துடைத்து, மறுபடி என் கையிலேயே கொடுத்துவிட்டுக் கேட்டார்.

வர்க்கி கொடுத்த கட்டன் சாயா கிளாஸை ஜீப்பின் முன்பக்க மட்கார்டில் வைத்தேன்.

“கிளாச எடுங்க சார், வழிஞ்சிரும்” என்றார் பரமன், அந்தக் கோபத்திலும்.

பார்த்தேன். பால் விடாத சாயா கிளாஸின் முன்விளிம்பில் வழியப் பார்த்தது. பின்பக்கம் ஒரு விரல் இறங்கி நின்றது. கிளாஸில் ஒரு சொட்டும் குறையவில்லை. இந்தக் கம்பியோ எஞ்சினின் பின்பக்கமாக இறங்குவது.

பத்து வருடமாக வகுப்பில் “திரவம் தன் மட்டத்தைத் தானே நாடும்” என்று சொல்லிக் கொடுத்தவன், ஒரு சாயா கிளாஸ் சொன்ன பிறகுதான் அதைப் புரிந்துகொண்டேன்.

“வர்க்கிச் சேட்டா, டின்னைக் கீழ வைங்க. ஊத்த வேண்டாம்.”

“ஊத்தாம எறங்குனா எஞ்சின் பிடிச்சுப் போகும் சாரே!”

“எறங்க வேண்டாம். சமமான எடத்துக்கு மட்டும் போவோம்.”

இருநூறு அடி தள்ளி, தொழிலாளர்களுக்குப் பேர் கூப்பிடும் களம் இருந்தது. நல்ல சமதரை. அங்கே உருட்டி நிறுத்தினோம். எண்ணெய் அடங்கப் பத்து நிமிடம் விட்டேன். என் வாழ்க்கையில் எந்தப் பரீட்சை முடிவுக்கும் அப்படிக் காத்திருந்ததில்லை. கம்பியைப் பரமனையே உருவச் சொன்னேன். மேல் கோட்டுக்குச் சற்று மேலேயே, பளபளவென்று நின்றது எண்ணெய்.

வர்க்கி சிலுவை போட்டுக்கொண்டார். பரமன் கம்பியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், களத்து ஓரத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்.

நடந்தது இதுதான். சரிவில் நிறுத்தியதும் எண்ணெய் முன்பக்கம் ஒதுங்க, பொய்க் கணக்குக் காட்டிய கம்பியை நம்பி, நிறைந்த எஞ்சினில் ஒவ்வொரு நடைக்கும் மேலும் ஊற்றினார்கள். தட்டு நிறையச் சோறு போட்டு அதன்மேல் ரசத்தை ஊற்றினால் என்ன ஆகும்? வெளியே போகும். மிகுந்த எண்ணெயை உள்ளே சுற்றுகிற தண்டு அடித்துக் கலக்கி மேலே வீச, அது எரிந்து நீலப் புகையானது. மறுநடையும் கம்பி சரிவில் குறைவாகக் காட்டியது, மறுபடி ஊற்றினார்கள். அன்றுவரை கீழே போடியில் யாரும் பார்த்ததில்லை. மேலே பார்த்து ஊற்றியாயிற்றே, எதற்குப் பார்ப்பது?

ஒரு சொட்டு ஊற்றாமல் ஐந்து மூட்டையோடு இறங்கினோம். மெட்டில் பரமன் தானாகவே சொன்னார்: “காலையில கடைக்குப் பின்னால பீடி குடிக்கப் போனேன் சார். வாத்தியாரு முன்னாடி எப்பிடிப் பத்த வைக்கிறது?”

“இப்பப் பத்த வைங்க.”

“இப்பவும் முடியாது” என்று சிரித்தார்.

போடித் தெருவில் மச்சான் கம்பியை உருவினார். மேல் கோட்டில் சரியாக நின்றது. நான் விளக்கினேன். வெகுநேரம் கம்பியையே துடைத்துக்கொண்டிருந்தார். மன்னிப்பு என்ற வார்த்தை அவர் வாயில் வராது. “பரமா, கைகால் கழுவிட்டு வா, சாப்புடுவோம்” என்றார். பதினோரு வருடத்தில் முதல் தடவையாக இருவரும் ஒரே வரிசையில் இலை போட்டு உட்கார்ந்தார்கள். அதன் பிறகு ஐந்தாறு நடையில் நீலப் புகையும் நின்றது. பரமன் கடைசிவரை அந்த ஜீப்பை ஓட்டினார்.

அவர் கேட்டதற்கு என் பதிலை நான் நேரில் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன்: நீங்கள் கேட்ட அந்த நிமிடம் நான் கம்பியைத்தான் நம்பினேன், பரமண்ணே.

மலைக்குப் போகிறவர்களுக்கு: காலை ஏழு மணிக்குள் முந்தலைத் தாண்டிவிடுங்கள், பிற்பகலில் பனி இறங்கிவிடும். ஸ்வெட்டர் வேண்டும். இறக்கத்திலும் ஏறிய கியரிலேயே வாருங்கள். உண்மையிலேயே ரிங் தேய்ந்து எண்ணெய் குடிக்கும் வண்டிகளும் உண்டு, அதை மெக்கானிக் பார்க்கட்டும். ஆனால் அவரிடம் போகுமுன், யார்மீதும் சந்தேகப்படுமுன், நாளைக் காலையில் வண்டியைச் சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, பத்து நிமிடம் பொறுத்து, கம்பியைத் துடைத்து, உள்ளே விட்டு, எடுத்துப் பாருங்கள்.